இரு கைகளையும் உயர்த்தி ஒருமனதாக

எங்கள் சங்கத்தில் எதையும் கைதட்டித்தான் நிறைவேற்றுவோம். ஆண்டறிக்கை வாசித்து முடித்தால் கைதட்டல். அதே நிர்வாகிகள் அதே பதவிகளில் தொடர்வார்கள் என்று அறிவித்தால் கைதட்டல். இறந்துபோன உறுப்பினர் ஒருவருக்கு இரங்கல் தீர்மானம் வாசித்தபோதும் ஒருமுறை பழக்கதோஷத்தில் தட்டிவிட்டோம். இறந்தவரின் தம்பியும் எங்களில் ஒருவர்தான், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரும் தட்டினார்.

சங்கம் என்றால் பிசியோதெரபிஸ்டுகளின் சங்கம். மூட்டு வலி, முதுகு வலி, பக்கவாதம் என்று வருகிறவர்களைப் படுக்கவைத்து, மடக்கி, நீட்டி, நடக்கவைத்து அனுப்புவது எங்கள் தொழில். ஊரில் எங்களுக்கு வழங்கும் பெயர் ‘கரண்ட் வைக்கிறவங்க’. ஏற்காடு பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எனக்கு ஒரு சின்ன கிளினிக் இருக்கிறது. முட்டி வலிக்காரர்கள் படியேறி வர வேண்டிய இடத்தில் கிளினிக் வைத்தவள் என்பதிலிருந்தே என் முன்யோசனையை நீங்கள் தெரிந்துகொள்ளலாம்.

தலைவர் சேலத்துக்காரர். நான் படிப்பை முடித்துவிட்டு உறுப்பினர் படிவம் நிரப்பிய நாளில் அவர்தான் தலைவர். என் மகள் கல்லூரிக்குப் போகிற வயதிலும் அவர்தான். நல்ல மனிதர், யாரையும் கடிந்து ஒரு சொல் பேசமாட்டார். வருடக்கணக்கில் நாற்காலியை விட்டு எழாத நோயாளிகளைக்கூட எழுப்பி நிற்கவைத்துவிடுவார், கைராசிக்காரர் என்று பெயர். சொந்த நாற்காலி விஷயத்தில் மட்டும் அந்த வித்தை பலிக்கவில்லை.

அவரை முதன்முதலில் கேள்வி கேட்டது அக்காதான். சொந்த அக்கா இல்லை. மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டின் வைத்திய அறையில் பிசியோவாக இருந்தவர்; என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அந்தக் காலத்து டிப்ளமோ. மலையில் எங்கள் தொழிலில் இருந்தது நாங்கள் இரண்டே பேர் என்பதால், எனக்குப் பிடிபடாத ஒரு சந்தேகம் வந்தால் எஸ்டேட் ஆபீஸ் போனில் அவரைக் கூப்பிட்டுக் கேட்பேன். நான் மூன்று மெஷினை மாற்றி மாற்றி வைத்தும் இறங்காத இடுப்பு வலியை அவர் ஒரு தலையணையை இடம் மாற்றி இறக்கிவிடுவார். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் வேலை ஒரு காகிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எஸ்டேட்டின் தலைமை ஆபீஸ் பெங்களூருக்குப் போனதிலிருந்து, ‘இவர் எங்கள் சங்கத்தின் முழு உறுப்பினர்’ என்று சங்கத்தின் கடிதம் ஒன்றை வருடா வருடம் கேட்டார்கள். கணக்கு எழுதுகிற எஸ்டேட் ரைட்டர் அதை வாங்கி ஸ்கேன் செய்து அனுப்புவார். கடிதம் போனால் அக்காவுக்கு இன்னொரு வருடம் வேலை. போகாவிட்டால் அறைக்குப் பூட்டு.

இதெல்லாம் தெரிந்திருந்தும் அக்கா வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. சேலத்தில் நடந்த பொதுக்குழுவில், நிர்வாகிகள் தொடர்வார்கள் என்று அறிவித்து நாங்களெல்லாம் கையை எடுத்துத் தயாராக வைத்திருந்த நேரத்தில் எழுந்து நின்றார்.

“ஏனுங்க தலைவருங்க, நீங்க எப்ப தலைவரா வந்தீங்கன்னு எனக்கு ஞாபகமில்லீங்க. அது போகட்டும். எப்பப் போவீங்கன்னு மட்டும் சொல்லீட்டீங்கன்னா எழுதி வெச்சுக்குவோம்.”

தலைவர் சிரித்தார். “நொம்ப நல்ல கேள்விங்க” என்றார். பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்விகளை மட்டும்தான் அவர் நல்ல கேள்வி என்பார்.

அக்கா உட்காரவில்லை. “இன்னொன்னுங்க. இந்தக் கைதட்டற பழக்கம் வேண்டாமுங்க. யாரு தட்டுனாங்க, யாரு தட்டலைன்னு எப்பிடித் தெரியும்? கையைத் தூக்கச் சொல்லுங்க. தூக்குன கையைப் போட்டோ புடிச்சு மினிட் புஸ்தகத்தோட வெச்சுக்குங்க. நாளைக்கு ஒருத்தரும் இல்லைன்னு சொல்ல முடியாதல்ல.”

தலைவர் இரண்டு கோரிக்கையையும் ஏற்றுக்கொண்டார். கையை உயர்த்தி வாக்களிப்பது, புகைப்படம் எடுத்து வைப்பது என்கிற விதி அன்றே நிறைவேறியது. கைதட்டித்தான் நிறைவேற்றினோம். பதவிக்காலம் போன்ற பெரிய விஷயங்களை ஆராய ஒரு சீர்திருத்தக் குழு போடலாம் என்றார் தலைவர். குழுவுக்குத் தலைவர் யார் என்று யாரோ கேட்டார்கள். தலைவர் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது என்றார் செயலாளர். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

குழுவில் என்னையும் போட்டார்கள், மலைப்பகுதிப் பிரதிநிதி என்று. அக்காவைப் போட்டிருக்க வேண்டிய இடம் அது. அது எனக்குத் தெரியும். ஆனால் அழைப்பு வந்த அன்று நான் நினைத்தது, எந்தப் புடவை கட்டிக்கொண்டு போவது என்பதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தலைவரின் கிளினிக்கில் குழு கூடும். நாற்காலிகள் போதாது. கழுத்தை இழுத்துக் கட்டுகிற ட்ராக்‌ஷன் கட்டிலில் நானும் இன்னொருவரும் உட்காருவோம். கட்டில் உயரம் என்பதால் சீர்திருத்தத்தைப் பற்றி நான் யோசித்ததெல்லாம் கால் தரையில் எட்டாமல்தான். பத்து மணிக்கு வாழைக்காய் பஜ்ஜி வரும். பஜ்ஜி வந்தபின் கருத்து வேறுபாடுகள் குறைந்துவிடும்.

நாலு ஞாயிற்றுக்கிழமையில் புதிய விதிகள் தயாராகிவிட்டன. ஒருவர் இரண்டு முறைக்கு மேல் தலைவராக இருக்கக் கூடாது என்பது முதல் விதி. கேட்டதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். இந்தக் கணக்கு விதி அமலுக்கு வரும் நாளிலிருந்து தொடங்கும் என்பது அதற்குக் கீழே இருந்த வரி. அதாவது, இத்தனை காலம் இருந்ததெல்லாம் ஒத்திகை. நாடகம் இனிமேல்தான். நாங்கள் மறுபடி சாய்ந்து உட்கார்ந்தோம்.

என் பங்களிப்பும் அதில் உண்டு. நாமெல்லாம் ஊருக்கு உடற்பயிற்சி சொல்கிறவர்கள், நம் கூட்டத்தில் மட்டும் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்தே இருக்கிறோமே, எந்தக் கூட்டமும் தோள்பட்டைப் பயிற்சியோடு தொடங்க வேண்டும் என்று விதி வைத்தால் என்ன என்று கேட்டேன். தலைவர் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பாராட்டினார். மலைப்பகுதிக்கென்று ஒரு துணைத்தலைவர் பதவியும் புதிதாகச் சேர்க்கலாம் என்று இருக்கிறேன் என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே. நான் பெருந்தன்மையாகத் தரையைப் பார்த்தேன். கரும்பு தின்னக் கூலி வேறு கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

வரைவு முப்பத்திரண்டு பக்கம். என் தோள்பட்டை விதி ஏழாம் பக்கத்தில் இருந்தது. நான் ஏழாம் பக்கம்வரை படித்தேன்.

வரைவு வாட்ஸப்பில் எல்லோருக்கும் போனது. பாதிப்பேர் கும்பிடு போட்டார்கள், மீதிப்பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். அக்கா மட்டும் ஏற்காட்டுக்கு வந்து, ஜெராக்ஸ் கடையில் முப்பத்திரண்டு பக்கத்தையும் பிரின்ட் எடுத்து, கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து படித்து முடித்துவிட்டு என் மாடிப்படி ஏறி வந்தார். அப்போது ஒரு டிரைவரின் கழுத்துக்கு ஒத்தடம் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் போகும்வரை காத்திருந்தார்.

“பதினொன்னாம் பக்கம் படிச்சியா கண்ணு?”

“படிச்சேனுங்க்கா.”

“படிச்சுட்டா ஒத்துக்கிட்டே?”

வாயைத் திறந்தால் இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். பட்டப்படிப்பு இல்லாத உறுப்பினர்கள் இனி ‘இணை உறுப்பினர்’ என்று கௌரவிக்கப்படுவார்கள். இணை உறுப்பினர்களுக்கு ஓட்டு இல்லை. முழு உறுப்பினர் என்ற கடிதமும் கிடையாது. வாழ்த்து அட்டை உண்டு.

“கௌரவிக்கறாங்களாமா” என்றார் அக்கா. “கல்யாணத்துக்குக் கூப்பிட்டுட்டு எலையை எடுத்துட்டு ஓடறதுக்குப் பேரு கௌரவம்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேள்வி கேட்டது ஒரே ஒரு டிப்ளமோக்காரர். விதி எல்லா டிப்ளமோக்காரர்களுக்கும். மற்றவர்களில் பாதிப்பேர் ஓய்வு பெற்றவர்கள், மீதிப்பேருக்குச் சொந்த கிளினிக். அந்தக் கடிதத்தை அவர்களிடம் யாரும் கேட்கப்போவதில்லை. அடி விழுவது ஒரே முதுகில்.

நான் வாசிக்கவில்லை என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை. திட்டியிருக்கலாம், எனக்கு அது சுலபமாக இருந்திருக்கும். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “சரி, விதியை மாத்தோணும்னா மூணுல ரெண்டு பங்கு கை வேணும். மூணுல ஒரு பங்குக்கு மேல நான் புடிச்சுட்டாப் போதும்” என்று படியிறங்கிப் போனார்.

பிடித்தும்விட்டார். எஸ்டேட்டில் அவர் இருந்த இடத்தில் செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. மத்தியானச் சோற்றுக்கு விடுகிற நேரத்தில் ரோட்டு வளைவுவரை நடந்து வந்து, மைல்கல் மேல் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவராக போன் போட்டார். நாமக்கல், தர்மபுரி, ஆத்தூர் என்று ஒருத்தரை விடவில்லை. பயமுறுத்தவில்லை, கெஞ்சவும் இல்லை. “பதினொன்னாம் பக்கம் படிச்சுட்டு உங்களுக்கு நாயம்னு பட்டுதுன்னா கையைத் தூக்குங்க, இல்லைன்னா தூக்காதீங்க” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். யாரும் படித்திருக்கவில்லை. படித்ததும் பலருக்கும் உறுத்தியது. என்னையும் சேர்த்து, தூக்கமாட்டோம் என்று சொன்னவர்கள் தேவைக்கு மேலேயே இருந்தார்கள். பெயர்ப் பட்டியலை ஒரு பழைய எக்ஸ்ரே உறைக்குள் போட்டு வைத்திருந்தார்.

சிறப்புப் பொதுக்குழுவை ஏற்காட்டிலேயே வைத்தார் தலைவர். சீர்திருத்தத்தைப் பற்றிக் குளுமையான இடத்தில்தான் சிந்திக்க முடியும் என்பது அவர் விளக்கம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவர்களில் பலரும் சிந்திக்கிற நிலையில் இல்லை. கழுத்துத் தேய்மானத்துக்கு ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்கிற ஒருவர் ஏரிக்கரையில் பஸ் ஜன்னல் வழியே தலையைத் தொங்கப்போட்டபடியே வந்து இறங்கினார். ரிசார்ட் அரங்கத்தில் கேசரி, பொங்கல், வடை. வாசலில் பெயர் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டை. அக்கா முன்வரிசையில் எக்ஸ்ரே உறையோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் உறையைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

விளக்கேற்றி முடிந்ததும் செயலாளர் மைக்கில், “புதிய விதிகளின் உணர்வுக்கேற்ப நமது மலைச் சகோதரி இப்போது தோள்பட்டைப் பயிற்சி அளிப்பார்” என்றார். மேடையேறினேன். அவ்வளவு பேர் என் சொல்லுக்கு எழுந்து நின்றது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பொய் சொல்வானேன், குஷியாக இருந்தது.

“எல்லாரும் ரெண்டு கையும் மேலே. காதை ஒட்டி. முழங்கை மடங்கக் கூடாது” என்றேன். ஊரெல்லாம் நோயாளிகளிடம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறவர்கள், பக்கத்தில் இருப்பவர் தன்னைவிடச் சரியாகத் தூக்கிவிடுவாரோ என்று போட்டி போட்டுத் தூக்கினார்கள். எங்கள் ஆட்களிடம் கையைத் தூக்கு என்று சொன்னால் எதற்கு என்று கேட்கமாட்டார்கள். எவ்வளவு உயரம் என்றுதான் கேட்பார்கள். முன்வரிசையில் அக்கா எக்ஸ்ரே உறையை நாற்காலியில் வைத்துவிட்டு, பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரி நேராகத் தூக்கினார். நான் பத்து எண்ண வேண்டியவள் இருபது எண்ணினேன். “யாரும் இறக்காதீங்க, இன்னும் கொஞ்சம்” என்றேன். போட்டோக்காரர் நாலு மூலையிலிருந்தும் எடுத்தார்.

அதன்பின் தலைவர் பேசினார். அவருக்குப் பின் சிறப்பு விருந்தினர், அவருக்குப் பின் அவரை அறிமுகப்படுத்தியவர் மறுபடியும். விதித் திருத்தம் சாப்பாட்டுக்குப் பிறகு என்றார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மூடுபனி இறங்கியது. படகு விடுவதை நிறுத்திவிடப் போகிறார்கள் என்று யாரோ சொல்ல, பாதி அரங்கம் ஏரிக்குப் போய்விட்டது. மீதியில் பாதி கிளியூர் அருவிக்கு ஜீப் பேசிக்கொண்டிருந்தது. தலைவர் எழுந்து, உறுப்பினர்களின் களைப்பைக் கருதி விவாதத்தை இத்தோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிக் கும்பிட்டார். கைதட்டினோம்.

“நிறுத்திப்புட்டாங்க கண்ணு” என்றார் அக்கா வெளியே வந்ததும். “எண்ணிப் பாத்தாத் தோத்துப் போவோம்னு தெரிஞ்சுபோச்சு அவுங்களுக்கு.” பேக்கரியில் எனக்கு ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். இருவரும் நின்றுகொண்டே தின்றோம். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து வாட்ஸப்பில் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு வந்தது. இந்த முறை நான் கடைசிவரை படித்தேன். ‘திருத்தப்பட்ட விதிகளை உறுப்பினர்கள் அனைவரும் எழுந்து நின்று, இரு கைகளையும் உயர்த்தி, ஒருமனதாக நிறைவேற்றினர். புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது.’

படம் தெளிவாக இருந்தது. ஒரு கை போதும் என்கிற இடத்தில் இரண்டு கை. முகங்களில் ஒரு தீவிரம். சுதந்திரப் போராட்டத்தில்கூட இவ்வளவு ஒற்றுமை இருந்திருக்குமா என்று தெரியவில்லை. முன்வரிசையில் அக்கா, முழங்கை மடங்காமல். மேடையில் நான், வாயைத் திறந்துகொண்டு. எண்ணிக்கொண்டிருந்திருப்பேன்.

சிரிப்புத்தான் முதலில் வந்தது, மறைப்பானேன். பிறகுதான் பதினொன்றாம் பக்கம் ஞாபகத்துக்கு வந்தது.

அக்கா அன்றே ஆட்சேபக் கடிதம் எழுதினார். செயலாளரிடமிருந்து மரியாதையான பதில் வந்தது. ‘தாங்களே முன்வரிசையில் இரு கைகளையும் உயர்த்தி ஆதரித்திருப்பது படத்தில் தெரிகிறது. அது உடற்பயிற்சிதான் என்று பயிற்சி நடத்தியவர் முப்பது நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவித்தால் பரிசீலிக்கப்படும்.’ வேறு யார் சொன்னாலும் செல்லாது. கையைத் தூக்கச் சொன்னவள் சொல்ல வேண்டும்.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு மறுபடி என் மாடிக்கு வந்தார்.

“ரெண்டே வரி கண்ணு. அன்னிக்கு நடந்தது பயிற்சி, ஓட்டு இல்லைன்னு. உண்மையைத்தான எழுதச் சொல்றேன்.”

“எழுதறேனுங்க்கா. இன்னிக்கே எழுதீர்றேன்.”

அவர் படியிறங்கின அரை மணி நேரத்தில் தலைவர் போன் செய்தார். இப்படிப்பட்ட நேரங்களில் அவருக்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ. அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புதிய விதிப்படி மலைப்பகுதித் துணைத்தலைவராக என்னை நியமித்திருப்பதாகவும், அடுத்த மாதம் பாராட்டு விழா என்றும் சொன்னார். “புது விதி இருந்தாத்தானுங்க புதுப் பதவி” என்று சிரித்தார். மிரட்டல் என்று நீங்கள் இதைச் சொல்ல முடியாது. அவர் யாரையும் கடிந்து பேசமாட்டார் என்று முதலிலேயே சொன்னேன்.

இரண்டு வரி எழுத எனக்கு எவ்வளவு நாள் ஆகும்? முதல் வாரம், வார்த்தைகள் சரியாக அமையவில்லை என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாம் வாரம், ஒரு வக்கீலைக் கேட்டுக்கொண்டு எழுதுவதுதான் முறை என்று தோன்றியது. வக்கீல் யாரும் எனக்குத் தெரியாது, தேடவும் இல்லை. மூன்றாம் வாரம் மழை. மழைக்கும் கடிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது, அப்போது தெளிவாகத் தெரிந்தது. நடுவில் அக்கா இரண்டு முறை போன் செய்தார். “எழுதிட்டே இருக்கேனுங்க்கா” என்றேன். ‘துணைத்தலைவர்’ என்று போட்டு ஒரு விசிட்டிங் கார்டு மட்டும் அடித்து முடித்திருந்தேன். அதற்கு வார்த்தைகள் உடனே அமைந்துவிட்டன.

இருபத்தெட்டாம் நாளில் பாராட்டு விழா. சேலத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வரிசையாகப் பதினான்கு பேர் வந்து போர்த்தினார்கள். போர்வைக்குள் வியர்த்து நின்றுகொண்டு, இதை முடித்துவிட்டு நாளைக்கு எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

முப்பத்துமூன்றாம் நாளில் எழுதினேன். நன்றாக எழுதினேன் என்று வேறு சொல்லிக்கொள்கிறேன். இரண்டு வரி கேட்டவருக்கு இரண்டு பக்கம். ஜனநாயகம், மனசாட்சி எல்லாம் வந்தது. செயலாளரின் பதில் இரண்டே வரி. ‘காலம் கடந்துவிட்டது. தங்கள் அக்கறைக்கு நன்றி, துணைத்தலைவர் அவர்களே.’

அடுத்த வாரம் எஸ்டேட் ரைட்டர் எனக்கு போன் செய்தார்.

“ஏனுங்க மேடம், அந்தம்மாளுக்கு இந்த வருசம் முழு உறுப்பினர் லெட்டர் வரலீங்க. அவுங்களை நிறுத்தச் சொல்லி ஆபீஸ்ல மெயில் போட்டுட்டாங்க. மலைமேல முழு உறுப்பினரு நீங்க ஒருத்தருதானாமுங்க. வாரத்துல ரெண்டு நாளு வந்து போறீங்களா?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் போகாவிட்டால் அந்தத் தொழிலாளர்களை யார் பார்ப்பது, அக்காவுக்கே அது வருத்தமாக இருக்காதா, அவர் விஷயம் சரியாகும்வரை அந்த இடத்தைக் காப்பாற்றி வைத்திருப்பதும் ஒரு உதவிதானே என்றெல்லாம் யோசித்தேன். யோசித்து முடிக்க ஒரு ராத்திரி போதுமாக இருந்தது. இத்தனை வருடத்தில் எவ்வளவோ முட்டிகளை மடக்கியிருக்கிறேன். என் மனசாட்சி அளவுக்கு வலியில்லாமல் மடங்கிய முட்டியை நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை மஞ்சக்குட்டை ஜீப்பில் போனேன். கைப்பையில் நான் எழுதிய கடிதத்தின் நகல் இருந்தது. அதைக் காட்டினால் அக்காவின் மனது ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவேண்டியது யாருடைய மனது என்று ஜீப்பில் யாரும் என்னைக் கேட்கவில்லை.

அக்கா அறையில்தான் இருந்தார். அன்று அவருக்குக் கடைசி நாள். அறை சின்னது: ஒரு கட்டில், சுவரில் அடித்த கப்பி, மணல் மூட்டைகள், ஒத்தடத்துக்கு மெழுகு உருக்கும் சட்டி. வெளியே பெஞ்சில் காபிப் பழம் பறிக்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நான் கடிதத்தை நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். தேதியையும் படித்தார்.

“நல்லா எழுதியிருக்கே” என்றார். “நாலு நாளைக்கு முன்னாடி எழுதியிருந்தீன்னா நான் இங்கயே இருந்திருப்பேன்.”

“தப்புத்தானுங்க்கா” என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் இரண்டு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர் கடிதத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார். தலைச்சோலையிலிருந்து வருகிறவளுக்கு இடுப்பு; குனியாதே என்று சொன்னால் களை எடுக்கிற வேலை போய்விடும், அதனால் எப்படிக் குனிவது என்று மட்டும் சொல்லிக் கொடு. மிளகு ஏணியிலிருந்து விழுந்தவனுக்குக் கணுக்கால். வலி இல்லை என்றுதான் சொல்வான், நம்பாதே. தொழிலாளர் குடியிருப்பில் மேட்டு லைன் வீட்டுக் கிழவிக்கு வலி ஒன்றும் இல்லை, வீட்டில் பேச ஆள் இல்லை, பத்து நிமிஷம் மெழுகு வை. நான் எழுதிக்கொண்டேன்.

பிறகு கதவைத் திறந்து, பெஞ்சில் முதலாவதாக இருந்த பெண்ணை உள்ளே கூப்பிட்டுக் கட்டிலில் உட்காரவைத்தார். ஐம்பது வயது இருக்கும். வலது முட்டியைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

“இனிமே இந்தம்மாதான் உங்களையெல்லாம் பாப்பாங்க” என்றார் அக்கா.

“ஏனுங்கம்மா, நீங்க பாத்தாலே சரியாயிட்டுத்தான வந்துச்சு” என்றார் அந்தப் பெண்.

“நான் பாக்கக் கூடாதாமா. இவங்க முழு உறுப்பினருங்க.”

“அப்படீன்னா என்னங்கம்மா?”

“கை தூக்கற உரிமை உள்ளவங்க. கேட்டா எழுதிக் குடுக்கற உரிமையும் இருக்குது” என்று சொல்லிவிட்டு, அக்கா தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து அவர் முட்டியைப் பார்த்தேன். வீங்கியிருந்தது.